ஆலயத்துக்கு வந்த விருந்தினர்



விருந்தோம்பலைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒருவன் மேடையேறிப் பேசத் தொடங்கினால், கேட்போர் மனத்தில் முதலில் எழுவது வீடுதான். திருவள்ளுவரும் அதை இல்லறவியலிலேயே வைத்தார். அது இல்லத்தாருக்குரிய கடமை என்பதில் நம் முன்னோர் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்றால் எழுந்து செல்ல வேண்டியவர் யார், தண்ணீர்ச் செம்பை நீட்ட வேண்டியவர் யார், இலை போட வேண்டியவர் யார் என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, இல்லத்தான் என்று எவரையும் சுட்டிக்காட்ட இயலாத ஓர் இடத்தில் நிகழ வேண்டிய விருந்தோம்பலைப் பற்றியது: முன்பின் அறியாத ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குள் ஓர் அந்நியன் ஆராதனை வேளையில் நுழைந்தால், அவனை ஏற்பவர் யார் என்பது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். நம் கோயில்களில் ஒருவன் தனியே போய், தனியே தொழுது, பிராகாரம் சுற்றித் தனியே திரும்பலாம்; ஆயிரம் பேர் நடுவே நின்றாலும் அவன் அந்நியன் என்று யாருக்கும் புலப்படாது. கிறிஸ்தவ ஆராதனையோ சபையாகக் கூடிச் செய்யும் ஆராதனை. எல்லாரும் ஒருங்கே எழுகிறார்கள், ஒருங்கே அமர்கிறார்கள், ஒருங்கே முழந்தாளிடுகிறார்கள், ஒரு பாட்டின் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் ஒருங்கே புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அந்த ஒழுங்கு அறியாதவன் ஒரு கணம் பிந்தி எழுந்தாலும், எல்லாரும் அமர்ந்த பின் நின்றுகொண்டிருந்தாலும், அவன் வெளியூரான் என்பது அக்கணமே வெளிப்பட்டு விடுகிறது. செருப்பை எங்கே விடுவது, ஆண்கள் அமரும் பக்கம் எது, காணிக்கைப் பை வரும்போது என்ன செய்வது என்ற அற்பமான கேள்விகளே அவனுக்குப் பெருஞ் சங்கோசமாகி விடுகின்றன.

இந்நிலையில் அவனுக்கு உதவ வேண்டியவர் யார்? குருவானவர் பீடத்தருகே இருக்கிறார். ஆராதனையை விட்டு அவர் இறங்கி வர இயலாது. உபதேசியார் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கோயில்பிள்ளைக்கு மணியடிக்கும் வேலையும் விளக்கேற்றும் வேலையும் இருக்கின்றன. சபையாரில் ஒவ்வொருவரும், இன்னொருவர் கவனித்துக்கொள்வார் என்று நல்லெண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். ஆகவே முந்நூறு நல்லவர்கள் கூடியிருக்கும் ஓரிடத்துக்கு ஒருவன் வந்து, அமர்ந்து, எழுந்து, ஒரு சொல்லும் கேளாமல் திரும்பிப் போய்விடுவது எளிதில் நேரக்கூடியது. எவர் மனத்திலும் தீங்கு இல்லை. ஆனால் விருந்தினன் பசியோடு போனது போனதுதான். சொந்த வீட்டில் ஒருநாளும் இப்படி நேரவிடாத அதே மனிதர்கள் பொதுவிடத்தில் நேரவிடுகிறார்கள் என்பதைத்தான் நான் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்து வந்திருக்கிறேன்.

இந்த எண்ணத்துக்கு எனக்கு இடமளித்தது திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள ஒரு சிற்றூர். தமிழ் படித்தவன் எவனுக்கும் இடையன்குடியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், 1841-இல் அங்கே வந்து சேர்ந்தவர்; 1891-இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடலை அவ்வூருக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய திரித்துவ ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவ்விடத்தைக் காணப் புறப்பட்ட நான், வழியில், செம்மணல் தேரிக்கும் பனங்காட்டுக்கும் இடையே நான் சொன்ன அச்சிற்றூரில் பஸ்ஸை விட்டிறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆலயமணி அடித்தது. வெயிலுக்கு ஒதுங்க ஓர் இடம் என்ற நினைப்பும், அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்கும் விருப்பமும் சேர்ந்து என்னை உள்ளே கொண்டு போயின என்று சொல்வதே உண்மை. பக்தியால் போனேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முன்பக்கத்தில் சில பெஞ்சுகள். மற்றையோர் பாய்களில் அமர்ந்திருந்தார்கள், ஆடவர் ஒரு புறமும் பெண்டிர் ஒரு புறமுமாக. நான் கடைசித் தூணருகே நின்றேன். பனைத் தொழிலில் காய்த்துப் போன கைகளையுடைய ஒரு முதியவர், திரும்பிப் பார்த்தவர், தாம் அமர்ந்திருந்த பாயிலிருந்து நகர்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, தம் இடத்தைக் கையால் தட்டிக் காட்டி, "இப்பிடி வாங்கய்யா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஊர் எது என்று கேட்கவில்லை. பெயர் என்ன என்று கேட்கவில்லை. நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்திருக்கத்தான் வேண்டும், அதைப் பற்றியும் கேட்கவில்லை. பாட்டெண்ணை அறிவித்ததும் தம் கையிலிருந்த பழைய புத்தகத்தைப் பிரித்து என் மடியில் வைத்து, பாடும் வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அவருக்கோ பாட்டு முழுவதும் மனப்பாடம். எழ வேண்டிய நேரம் வருமுன் என் முழங்கையை மெல்லத் தொடுவார்; நான் அவரோடு எழுவேன். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது, அவர் தம் காசைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பாராமல் பையை என்னைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினார். கொடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்திலிருந்து என்னை விடுவிக்க அவர் செய்த சூட்சுமம் அது என்று பிற்பாடுதான் உணர்ந்தேன்.

பிரசங்கத்தை நான் இப்போது விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பின் நடந்த இரண்டைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சமாதானம் வழங்கியது. 1947-இல் சென்னையில் பல சபைகள் ஒன்றாகி உருவான, அந்த ஆலயமும் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் தன் திருவிருந்து ஆராதனைக்கு ஒரு முறைமை வகுத்தபோது, பண்டைய சபையில் வழங்கிய சமாதான முத்தத்துக்கு ஈடாக, கையோடு கை சேர்த்துச் சமாதானம் வழங்கும் வழக்கத்தை அதில் சேர்த்துக்கொண்டது. மேனாட்டுச் சபைகள் பலவற்றில் மறைந்துபோயிருந்த இவ்வழக்கத்தைச் சிரியக் கிறிஸ்தவர்கள் கைவிடாமல் காத்து வந்திருந்தார்கள். குருவானவர் பீடத்தருகே தொடங்கி வைக்க, ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் அதை மூடி, அடுத்தவருக்கு வழங்க, அது வரிசை வரிசையாகப் பின்னால் வருகிறது. நான் கடைசி வரிசையிலிருந்தேன். வருவதைப் பார்த்துக்கொண்டே, என்னை எப்படித் தாண்டிப் போகும் என்று நினைத்தேன். தாண்டிப் போகவில்லை. முதியவர் அதை வாங்கி, என் கைகளைத் தம் காய்த்த கைகளுக்குள் வைத்துக் கொடுத்தார். நான் எனக்கு அப்பால் இருந்த சிறுவனுக்குக் கொடுக்க வேண்டியவனானேன். அந்த ஒரு கணத்தில் நான் வேடிக்கை பார்ப்பவனாக இருந்த நிலை மாறி, அச்சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிட்டேன். நான் கொடாவிட்டால் அச்சிறுவனுக்கு அது சேராது.

அடுத்து வந்தது திருவிருந்து. இங்கேதான் ஆலயத்தின் விருந்தோம்பலில் மிகவும் நுட்பமான இடர்ப்பாடு இருக்கிறது. அந்த அப்பமும் திராட்சரசமும் சபையின் உயிர்நாடியான உணவு. ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களே அதற்குரியவர்கள். நாலாம் நூற்றாண்டளவில், பிரசங்கம் முடிந்ததும், ஞானஸ்நானம் பெறாதோரை உதவிக்குருவானவர் உரத்த குரலில் வெளியே போகச் சொல்லி, கதவைக் காக்கும்படி செய்யும் வழக்கமும் இருந்தது. விருந்தினனை அழைத்து உட்கார வைத்து, நடுவீட்டில் இலை போடும் வேளையில் 'இது உனக்கன்று' என்று சொல்ல நேர்ந்த இல்லத்தானின் தருமசங்கடம் இது. இதை விதிமீறலால் தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. ஒரு சமயத்தின் அந்தரங்கமான சடங்கில் உரிமை கேட்பது விருந்தினனுக்கு அழகன்று. ஆயினும் வரிசைகள் ஒவ்வொன்றாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது, ஆளில்லாத பாய்களுக்கிடையே ஒருவன் மட்டும் தனித்திருப்பது வருத்தமான காரியந்தான்.

எங்கள் வரிசை எழுந்தது. முதியவர் எழவில்லை. எல்லாரும் போய் முழந்தாளிட்டு வாங்கித் திரும்பி வந்து அமர்ந்த பிறகு, கடைசியாகப் போகும் பாட்டுக்காரர்களோடு தாமும் எழுந்து, என் பக்கம் குனிந்து, "நீங்க இருங்கய்யா, போய்ட்டு வந்திருதேன்" என்றார். என்னைச் சுற்றிலும் ஆட்கள் நிறைந்த பிறகே அவர் போனார். விதியை அவர் இம்மியும் மீறவில்லை. என் தனிமையையும் நீடிக்கவிடவில்லை.

அந்த ஊரார் என்னைப் பின்னொரு சமயம் அசனத்துக்கு அழைத்தார்கள்; போனேன். தென்பாண்டி நாட்டுக் கிறிஸ்தவ ஊர்களில் ஆலயத் திருவிழாவோடு இணைந்து நடக்கும் அன்னதானத்துக்கு அசனம் என்று பெயர். வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசியிடும்போது ஆலயத்துக்கென்று ஒரு கைப்பிடி ஒதுக்கி வைக்கும் பிடியரிசி வழக்கம் அப்பகுதியில் நெடுநாளாக உண்டு. ஆண்டு முழுவதும் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்வதன் அருமையை அறிந்த ஊர், அசனத்துக்கு அரிசியும் காசும் கொடுக்கப் பின்வாங்குவதில்லை. முதல்நாள் மாலையே ஆலயத்தின் பின்புறம் கோட்டை அடுப்பு வெட்டுகிறார்கள். ஊர் ஆடவர்கள் இரவு முழுவதும் விழித்திருந்து காய் நறுக்குவதும், தேங்காய் துருவுவதும், பெருங் கிடாரங்களில் சோறு வடிப்பதுமாக இருக்கிறார்கள். மறுநாள் குருவானவர் ஜெபித்து ஆரம்பித்து வைத்தபின் பந்தி தொடங்குகிறது. அயலூரார், இந்துக்கள், முகம்மதியர், வழியோடு போகிறவர் எல்லாருக்கும் அங்கே இலை உண்டு. நடக்க முடியாத முதியோருக்காக வாளியிலும் தூக்குச்சட்டியிலும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. என்னைப் போல் புலால் உண்ணாதவர் சிலர் வருவார்கள் என்று கருதி, ஆட்டுக்கறி அடுப்பில் ஏறுமுன்பே, எட்டத் தனியடுப்பில் பருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் எல்லாரும் போனபின் உண்டார்கள். ஆலயத்துக்குள்ளே எனக்குரியதாகாத ஒரு விருந்து. ஆலயத்துக்கு வெளியே எல்லாருக்குமுரிய ஒரு விருந்து. முன்னதில் எனக்கிருந்த தூரத்தைப் பின்னது நிரப்பியது என்பதே என் அநுபவம்.

இவையெல்லாம் ஒரு கிராமத்தாரின் நற்சுபாவம் மட்டுமே என்று எண்ணலாகாது. கிறிஸ்தவ சபை தோன்றிய நாள் தொட்டே அந்நியனைப் பற்றிய கவலை அதன் ஒழுங்குநூல்களில் இருந்து வந்திருக்கிறது. ஆதிசபையின் மிகப் பழைய ஒழுங்குநூல்களுள் ஒன்றான டிடாக்கே என்னும் சிறுநூல், 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பழஞ்சுவடியில் கண்டெடுக்கப்பட்டது. வழிப்போக்கனாக வருபவனுக்கு இயன்ற உதவி செய்ய வேண்டும், அவன் தேவையானால் இரண்டு மூன்று நாள் தங்கலாம், நிலைத்து வாழ விரும்பினால் தன் தொழிலைச் செய்து பிழைக்க வேண்டும் என்று அது வகுக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்த ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ அறிஞர், ஞாயிறு ஆராதனையை வெளியாருக்கு விளக்கி எழுதும்போது, அன்று சேரும் காணிக்கையால் காக்கப்படுவோர் வரிசையில் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர் இவர்களோடு, அவ்வூரில் தங்கியிருக்கும் வெளியூராரையும் சேர்த்தே சொல்கிறார். ஆறாம் நூற்றாண்டில் பெனெடிக்ட் முனிவர் தம் மடத்துக்கு வகுத்த ஒழுங்கில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே கருத வேண்டும், மடாதிபதியே அவர் கைகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும், ஏழைகளையும் யாத்திரிகரையும் மற்றவரினும் கருத்தாக ஏற்க வேண்டும் என்கிறார். செல்வருக்கு அவர்களுடைய செல்வமே மரியாதை வாங்கிக் கொடுத்துவிடும் என்பதை அறிந்தவர் அவர்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, மூன்றாம் நூற்றாண்டில் சிரியா தேசத்தில் எழுந்த டிடாஸ்காலியா என்னும் ஒழுங்குநூலில் வரும் ஒரு விதி. ஆராதனை நடக்கும்போது உலகில் பெருமதிப்புள்ள ஒருவர் உள்ளே வந்தால், அவருக்காக ஆயர் தம் பேச்சை நிறுத்தி எழ வேண்டியதில்லை. சபையாரில் அன்புள்ள ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால் போதும். ஆனால் ஓர் ஏழை, அதிலும் வயது முதிர்ந்தவர், வந்து இடமில்லாமல் நின்றால், ஆயரே முழு மனத்தோடு அவருக்கு இடம் உண்டாக்க வேண்டும், தாம் தரையில் அமர நேர்ந்தாலும் சரி. நான் முன்னே கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை எங்கும் கண்டதில்லை. ஆலயத்தில் இல்லத்தான் யார்? தன் இடத்தை விட்டு எழுகிறவன். எழுந்த அக்கணத்தில் அவ்வுரிமை அவனுக்கு வந்துவிடுகிறது. அதற்கு வேறு பட்டமோ நியமனமோ வேண்டியதில்லை. தேரிக்காட்டுப் பெரியவர் இந்நூலின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அதன் விதி அவர் உடம்பில் ஊறியிருந்தது.

விருந்தினனுக்காகத் தானும் அசௌகரியத்தை ஏற்பது என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதற்குக் காந்தியடிகள் சத்திய சோதனையில் ஒரு சான்று வைத்திருக்கிறார். 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவரை, பிரிட்டோரியாவிலிருந்த பேக்கர் என்னும் வழக்கறிஞர் வெலிங்டனில் கூடிய கிறிஸ்தவ மகாநாட்டுக்குத் தம்மோடு அழைத்துச் சென்றார். ஞாயிறன்று பிரயாணம் செய்யாத கொள்கையினரானதால் வழியில் தங்க நேர்ந்தது. ஹோட்டல் நிர்வாகி நெடிய வாக்குவாதத்துக்குப் பின் கறுப்பு மனிதரான காந்திக்கு அறை கொடுக்க இணங்கினாலும், உணவுக் கூடத்தில் அவரை அனுமதிக்க முற்றாக மறுத்துவிட்டார். பேக்கர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தினரின் உரிமைக்காக நின்றார். காந்தியடிகள் குறித்து வைத்திருக்கும் மற்றொன்று அதனினும் பெரிது: தம் பொருட்டு அவருக்கு நேர்ந்த இடைஞ்சல்களையெல்லாம் தமக்குத் தெரியாமல் மறைக்க அவர் முயன்றார் என்பது. காந்தி கிறிஸ்தவராகவில்லை, ஆயினும் அந்த மனிதரின் உபசாரத்தை நன்றியோடு எழுதி வைத்தார்.

இத்தனையும் சொல்லி, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்தவனாக மாட்டேன். பொன்மோதிரம் அணிந்து வருபவனை நல்ல இடத்திலும், கந்தை உடுத்தி வருபவனைக் காலடியிலும் அமர்த்தும் பாரபட்சத்தை யாக்கோபின் நிருபம் கண்டிக்க நேர்ந்ததென்றால், முதல் தலைமுறைகளிலேயே அந்நோய் இருந்தது என்றுதானே பொருள்? இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆலய ஆசனங்களைக் குடும்பங்கள் வாடகை கொடுத்துத் தமக்கென்று பிடித்துக்கொண்டன. கதவும் பூட்டும் இட்ட ஆசனப் பெட்டிகளும் இருந்தன. வெளியூரானும் ஏழையும் பின்புறத்து இலவச ஆசனங்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் அந்தப் பூட்டுக்கு வேறு பெயர். ஆலயத்துக்குள் ஜாதி வித்தியாசம் கூடாதென்று கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்சன் 1833-இல் உத்தரவு விடுத்தபோது, தஞ்சாவூர்ச் சபையில் பலர் அதை எதிர்த்தார்கள். வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயமே இரண்டு பிரிவினருக்காக இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டு, நடுவே தடுப்பும் வைக்கப்பட்டிருந்தது. மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910-இல் அங்கிருந்த சேசுசபைக் குருவானவர் அத்தடுப்பை அகற்றியபோது, அதை மீண்டும் நிறுத்தக் கோரி ஒரு பிரிவினர் வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அவர்கள் கேட்ட உரிமையை ஒப்பவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் பிரிந்தே கிடக்கின்றன.

இதை எண்ணும்போது, எனக்குக் கிடைத்த உபசாரத்தைப் பற்றியே ஒரு சந்தேகம் எழுந்தது. நான் வெளியூரான், மாலைப் பஸ்ஸில் போய்விடுகிறவன். எனக்கு ஒருநாள் பாயை விட்டுக்கொடுப்பதால் ஊரில் எதுவும் மாறிவிடாது. அடுத்த தெருவிலிருந்து, அந்த ஆலயத்தில் அதுவரை முன்னே வந்து அமர்ந்திராத ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதே இடத்தில் நின்றால்? அவர் மறுநாளும் ஊரில் இருப்பவர். இன்று கொடுத்த இடத்தை நாளையும் கொடுக்க வேண்டும். தூரத்து அந்நியனை உபசரிப்பதினும் அடுத்த தெரு அந்நியனை உபசரிப்பது நூறு மடங்கு கடினம். நம் நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் அது கடினமாகவே இருந்து வந்திருக்கிறது. சைவனாகிய நான் இதில் கிறிஸ்தவரை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை.

அசனத்தன்று இதை அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. தம் தகப்பனார் காலத்தில் பந்தி ஒன்றாக இருந்ததில்லை என்றும், ஒரு பகுதியார் எல்லாரும் உண்டெழுந்த பிறகே கிழக்குச் சுவரோரம் உட்கார்ந்தார்கள் என்றும் சொன்னார். அவ்வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பாக அப்போது வந்த சேகர குரு ஒருவர், ஒரே பந்தி இல்லையென்றால் அசனத்தைத் தாம் ஜெபித்துத் தொடங்கி வைக்கப் போவதில்லை என்று சொல்லி, கிழக்குச் சுவரோரம் இருந்தவர்களை அழைத்து வந்து முதல் வரிசையில் அமர்த்தித் தாமும் அவர்கள் நடுவே இலை போட்டு உட்கார்ந்தாராம். அவ்வாண்டு ஊரில் பாதிப்பேர் வரவில்லை. சோறு மீந்து போயிற்று. மறு ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டு, வராத வீடுகளிலிருந்து அசனத்துக்கு அரிசி மட்டும் வந்ததாம். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆட்களும் வந்தார்கள்.

"எங்க வீட்டு அரிசியும் அதுல உண்டுய்யா" என்றார் பெரியவர்.